குருதியில் மிதக்கும் மரபணுச் செய்தி

முன்னுரை

இன்று உலகில் மிகுதியான உயிர்களைக் கவரும் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோயே ஆகும். 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 24.8 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். இந்தியாவில் அவ்வாண்டில் 81,000-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். புகைப்பழக்கம் இதன் தலையாய காரணம் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் ஒருநாளும் புகை பிடித்திராதவர்களையும், குறிப்பாகப் பெண்களையும், இந்நோய் பற்றுகிறது என்பது பலர் அறியாத உண்மை.

இந்நோயாளிகளுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. கையிலிருந்து எடுக்கும் ஒரு குப்பிக் குருதியைக் கொண்டே, நுரையீரலுக்குள் மறைந்திருக்கும் கட்டியின் மரபணுவில் நேர்ந்துள்ள மாற்றத்தை அறிய முடிகிறது. அந்த மாற்றத்திற்கு ஏற்ற மாத்திரையையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. செய்தித்தாள்களும் இதனைப் பெரிதாகப் பாராட்டி எழுதுகின்றன. ஆனால் ஒரு வினாவை நாம் எழுப்பியாக வேண்டும். இச்சோதனை எந்த மக்களின் மரபணுக்களைப் படித்து உருவாக்கப்பட்டது? அவ்வாறு படிக்கப்படாத மக்களுக்கு, அஃதாவது இலத்தீன் அமெரிக்க நாட்டினருக்கும் நம் போன்றோருக்கும், இஃது அதே அளவு பயன் தருமா?

நான் மருத்துவன் அல்லேன், தாவரவியல் ஆசிரியன். ஆயினும் ஆண்டுதோறும் மரபியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இவ்வினா என்னை ஈர்த்தது. நம் கல்லூரி மாணவர்கள் எத்துறையினராயினும் விளங்கிக்கொள்ளும் வகையில் இதனைப் படிப்படியாகக் காண்போம்.

கட்டியைத் தொடுவதில் உள்ள இடர்

ஒரு கட்டி புற்றுதானா என்று உறுதி செய்யவும், அதன் மரபணுவைச் சோதிக்கவும், அக்கட்டியிலிருந்து சிறிதளவு திசுவை எடுப்பது நெடுங்கால வழக்கம். இதனை மருத்துவர்கள் பயாப்சி என்பர். தோலிலோ வாயிலோ கட்டி இருப்பின் இஃது எளிது. நுரையீரலோ மார்புக்கூட்டிற்குள் மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருக்கும் உறுப்பு. விலா எலும்புகளுக்கிடையே நீண்ட ஊசியைச் செலுத்தியோ, மூச்சுக்குழாய் வழியாகக் குழலை இறக்கியோதான் திசு எடுக்க வேண்டும். சில வேளைகளில் ஊசி குத்திய இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப் போவதும் உண்டு. தளர்ந்த முதியவர்கள் சிலர் இதனைத் தாங்கமாட்டார்கள். அரிதின் முயன்று எடுத்த திசுவும், நோய் இன்னதென்று நுண்ணோக்கியில் பார்ப்பதற்கே செலவாகி, மரபணுச் சோதனைக்கு எஞ்சாமற் போகலாம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாட்பட்ட இருமல், உடல் மெலிவு, சளியில் குருதி, எக்ஸ்ரே படத்தில் ஒரு நிழல் ஆகிய நான்கும் காசநோய்க்கும் உரியவை. நுரையீரல் புற்றுநோய்க்கும் உரியவை. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் மருத்துவர் முதலில் அதனை ஐயுறுவது இயல்பே. அவ்வாறு காசநோய் மருந்தை உட்கொண்டே சில திங்கள்களைக் கழித்துவிட்டு, பின்னரே புற்றுநோய் என்று அறியவரும் நோயாளிகள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் புற்றுநோய் மருத்துவமனையை அடையும்போது இழக்கக்கூடிய காலம் எல்லாம் இழந்தாயிற்று. இத்தகையோருக்கு ஒரு வாரம் முன்னதாக விடை கிடைப்பதும் பெரிய உதவியே.

குருதிக்கு அச்செய்தி வந்த வரலாறு

நம் உடலின் செல்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் மடிகின்றன. மடியும் செல்லின் டி.என்.ஏ. துண்டுதுண்டாகச் சிதைந்து, அதில் ஒரு பகுதி குருதியில் கலக்கிறது. செல்லுக்குள் அல்லாமல் பிளாஸ்மாவில் தனித்து மிதக்கும் இந்த நியூக்ளிக் அமிலத்தை மேண்டல், மெத்தே என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இருவர் 1948-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து வெளியிட்டனர். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் அறியப்பட்ட 1953-க்கும் முந்தைய செய்தி இது என்பதை நோக்குக. ஆனால் அக்காலத்தில் அதனைப் பொருட்படுத்துவார் இலர். புற்றுநோயாளிகளின் குருதியில் இத்தகைய டி.என்.ஏ. மிகுந்து காணப்படுகிறது என்பது 1977-இல் தெரியவந்தது. 1994-இல் கட்டிக்கே உரிய திடீர்மாற்றங்களைக் குருதியில் காண முடிந்தது. 1997-இல் டென்னிஸ் லோ என்பாரும் அவருடன் பணியாற்றியோரும், கருவுற்ற தாயின் பிளாஸ்மாவில் சேயின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினர். அதன் பின்னரே இத்துறை விரைந்து வளர்ந்தது.

இத்துண்டுகள் பெரும்பாலும் 166 இணைக்காரங்கள் அளவு நீளமுடையவை. காரணம் எளிது. செல்லுக்குள் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மீது நூல்கண்டு போலச் சுற்றப்பட்டுள்ளது. செல் மடியும்போது நொதிகள் உருண்டைக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட இடத்தில் வெட்டுகின்றன. எனவே ஓர் உருண்டையில் சுற்றியிருக்கும் அளவே ஒரு துண்டாகிறது. இத்துண்டுகள் நெடுநேரம் நிலைப்பதுமில்லை; சுமார் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே பாதி மறைந்துவிடுகின்றன. ஆகவே குருதி தருவது கட்டியின் இன்றைய நிலையைப் பற்றிய செய்தியாகும்.

மலையில் மழை பெய்து ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது, கரையில் நிற்பவன் மிதந்து வரும் இலைகளைப் பார்த்தே மேலே எத்தகைய மரங்கள் நிற்கின்றன என்று கூறிவிடலாம் அல்லவா? குருதிச் சோதனையும் அத்தகையதே. மலை ஏறாமலே மரத்தை அறிகிறோம்.

எளிய கணக்கு ஒன்று

இச்சோதனையின் ஆற்றலையும் எல்லையையும் ஒரு கணக்கின் வாயிலாக உணரலாம். 10 மில்லிலிட்டர் குருதியிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் பிளாஸ்மா கிடைக்கிறது என்று கொள்வோம். ஒரு மில்லிலிட்டரில் 5 நானோகிராம் டி.என்.ஏ. மிதக்கிறது எனில், மொத்தம் 20 நானோகிராம். மனித மரபுத்தொகுதியின் ஒரு படி 3.3 பிக்கோகிராம் எடையுள்ளது. ஆகவே நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 6,000 படிகள்.

இவை யாவும் கட்டியிலிருந்து வந்தவை அல்ல. பெரும்பாலானவை நலமான குருதிச் செல்களிலிருந்து வந்தவையே. ஆயிரத்தில் ஒன்று கட்டியினுடையது எனில், 6,000-இல் 6 மட்டுமே நாம் தேடும் துண்டுகள். பத்தாயிரத்தில் ஒன்று எனில், ஒன்றுகூட அக்குப்பியில் இல்லாமற் போகலாம். குறையற்ற கருவியாயினும் இல்லாததைக் காட்டாது. எனவே 'குருதியில் காணப்படவில்லை' என்பதும் 'கட்டியில் இல்லை' என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

சிறிய கட்டிகள் குறைவாகவே டி.என்.ஏ.வை உதிர்க்கும். தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 96 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பெற்று 2017-இல் வெளிவந்த ஆய்வில், 46 பேரின் குருதியில் மட்டுமே கட்டியின் டி.என்.ஏ. தென்பட்டது. ஆதலின் நான் இங்கு விளக்குவது, நலமாயிருப்போரிடம் புற்றுநோயைத் தேடும் சோதனை அன்று. நோய் முற்றிய நிலையில் ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் சோதனையாகும்.

எதனைத் தேடுகிறோம்?

செல்லின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பிப் புரதம் உள்ளது. வெளியிலிருந்து 'வளர்க' என்னும் குறிப்பு வரும்போது அதனை உள்ளே தெரிவிப்பது இதன் பணி. இதற்குரிய மரபணுவில் சில திடீர்மாற்றங்கள் நேரின், குறிப்பு வராமலே இப்புரதம் ஓயாமல் 'வளர்க, வளர்க' என்று தூண்டிக்கொண்டிருக்கும். அழைப்பு மணியின் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் ஒலிப்பது போன்றது இது. நுரையீரல் புற்றுநோயில் இம்மாற்றங்கள் உள்ளன என்பதும், கெஃபிட்டினிப் என்னும் மாத்திரை அத்தகைய கட்டிகளையே சுருக்குகிறது என்பதும் 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டன.

சரியான நோயாளிக்குச் சரியான மருந்து என்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதனை, கிழக்காசிய நாடுகளில் 1,217 பேரிடம் நடத்தப்பெற்று 2009-இல் வெளிவந்த 'ஐபாஸ்' ஆய்வு தெளிவாக்கியது. சிலருக்குக் கெஃபிட்டினிப் மாத்திரையும், சிலருக்கு வழக்கமான கீமோதெரபியும் அளிக்கப்பட்டன. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உடையோரில், மாத்திரை உண்டவர்களுக்கு நோய் முற்றும் இடர் மற்றவர்களைவிடப் பாதிக்கும் சற்றுக் கீழாகக் குறைந்தது. மாற்றம் இல்லாதோரிலோ, அதே மாத்திரை உண்டவர்களுக்கு அவ்விடர் 2.85 மடங்காக உயர்ந்தது. மாத்திரை ஒன்றுதான், ஒருவருக்கு அது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தியது, மற்றொருவருக்கு உரிய மருந்து கிடைத்திருக்க வேண்டிய காலத்தை விழுங்கியது. சோதிக்காமல் ஊகத்தால் மருந்து கொடுப்பதும், சோதிக்காமல் ஊகத்தால் மருந்தை மறுப்பதும் தீங்கே என்பது இதனால் விளங்கும்.

இம்மாற்றத்தைத் திசு கிடைக்காதபோது குருதியில் தேடலாம் என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் இத்தகைய முதற் சோதனை 2016 ஜூன் திங்களில் ஒப்புதல் பெற்றது. ஒரே குப்பியில் பல மரபணுக்களை ஒருங்கே படிக்கும் இரு சோதனைகள் 2020 ஆகஸ்டில் அங்கு ஒப்புதல் பெற்றன. 282 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2019-இல் வெளிவந்த ஆய்வொன்றில், திசுச் சோதனையின் விடைக்கு 15 நாள்கள் தேவைப்பட்டன. குருதிச் சோதனையின் விடை 9 நாள்களில் வந்தது.

'ஆசியர்' என்னும் சொல்லுக்குள் மறைந்தவர்கள்

இனி நம் முதன்மையான வினாவிற்கு வருவோம். 2004-இல் வெளிவந்த ஆய்வுகளுள் ஒன்றில், ஜப்பானியக் கட்டிகள் 58-இல் 15-லும், அமெரிக்கக் கட்டிகள் 61-இல் ஒன்றே ஒன்றிலும் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது. இதன் பின்னர், 'ஆசியரிடம் இம்மாற்றம் மிகுதி, மேனாட்டாரிடம் குறைவு' என்னும் கருத்து பாடநூல்களில் இடம்பெற்றது. ஆனால் ஆசியர் என்போர் யாவர்? டோக்கியோவில் வாழ்பவரும் ஆசியர். தூத்துக்குடியில் வாழ்பவரும் ஆசியர்.

ஆசிய நாடுகள் ஏழில் நடந்து 2014-இல் வெளியான 'பயனியர்' ஆய்வு இதற்கு விடை தந்தது. நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையான அடினோகார்சினோமாவில், சராசரியாக 51.4 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் காணப்பட்டது. நாடுவாரியாகப் பிரித்தால் வியட்நாமில் 64.2, தைவானில் 62.1, தாய்லாந்தில் 53.8; இந்தியாவில் 22.2 மட்டுமே. சராசரி என்னும் ஓர் எண் எத்துணை வேற்றுமைகளை மூடி மறைக்கிறது, பாருங்கள்!

இவ்வெண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அவ்வாய்வில் சோதிக்கப்பட்ட இந்தியர் 72 பேர். மாற்றம் உடையோர் 16 பேர். புள்ளியியல் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்த்தால், இத்துணைச் சிறிய மாதிரியிலிருந்து உண்மையான அளவு 13-க்கும் 32-க்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்று காண்பர். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைப் பற்றி 72 பேரைக் கொண்டு பேச வேண்டிய நிலையையே 'போதிய ஆய்வு இன்மை' என்கிறோம். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையினர் 907 இந்திய நோயாளிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வளவு 23 விழுக்காடு என்று வந்தது. இங்கு நம்மவர் ஆய்வே நமக்கு உறுதி தந்தது.

இலத்தீன் அமெரிக்காவின் கதையும் இதுவே. அங்கு 5,700-க்கு மேற்பட்ட நோயாளிகளின் சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டபோது, சராசரி 26 விழுக்காடாக இருந்தது. அர்ஜென்டினாவில் 14.4, கொலம்பியாவில் 24.7, மெக்சிகோவில் 34.3, பெரு நாட்டிலோ 51.1. ஒரே கண்டத்தில் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வு? மெக்சிகோ, கொலம்பியா நாடுகளின் 1,153 கட்டிகளை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு இதற்குக் காரணம் தேடியது. ஐரோப்பியர் வருமுன் அமெரிக்காவில் வாழ்ந்த தொல்குடியினரின் மரபுக்கூறு ஒருவரிடம் எவ்வளவு மிகுகிறதோ, அவ்வளவு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் மிகுந்து காணப்பட்டது. புகையோ சூழலோ மட்டுமன்றி, பிறப்பில் வந்த மரபும் இதற்கு அடிப்படையாகலாம் என்பது அவ்வாய்வின் முடிபு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். 'மேனாட்டு நூலின்படி இம்மாற்றம் அரிது. சோதனை வீண் செலவு' என்று லீமா நகரில் ஒருவர் முடிவு செய்திருந்தால், சோதிக்க வேண்டிய இருவரில் ஒருவருக்கு உரிய மருந்து மறுக்கப்பட்டிருக்கும். பிறர் நாட்டு எண்ணைக் கடன் வாங்குவதன் விலை இதுவே.

இலையை அறிய நூல் வேண்டும்

ஆற்றில் வந்த இலை கைக்குக் கிடைத்துவிட்டது. அது எம்மரத்து இலை என்று கூற நமக்கு ஒரு தாவர நூல் வேண்டும். நம் தாவரவியல் துறை மாணவர்கள் களப்பயணத்தில் கொணரும் செடிகளை இனங்காண, 1915-இல் தொடங்கி 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டுவது வழக்கம். அதற்கு மாறாக இங்கிலாந்தின் தாவர நூலைக் கொடுத்து, பொதிகையில் பறித்த செடிக்குப் பெயர் காணச் சொன்னால் என்ன ஆகும்? சில செடிகளுக்குப் பெயரே கிடைக்காது. சிலவற்றிற்குத் தவறான பெயர் கிடைக்கும். மரபணுச் சோதனையிலும் இவ்விரு பிழைகளும் நேர்கின்றன.

முதலாவது, பட்டியலில் இல்லாததைக் காணாமை. பி.சி.ஆர். முறையிலான எளிய சோதனைகள், முன்னரே அறியப்பட்ட சில மாற்றங்களை மட்டுமே தேடுகின்றன. அப்பட்டியல் யாருடைய கட்டிகளைப் படித்து வகுக்கப்பட்டது? அமெரிக்காவின் பெரும் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் இருந்த 5,729 மாதிரிகளைக் கணக்கெடுத்து 2016-இல் வெளியிட்டபோது, அவற்றில் 77 விழுக்காடு வெள்ளையருடையவை என்றும், ஆசியருடையவை 3 விழுக்காடே என்றும் தெரிந்தது. வேறொரு மக்களிடையே மிகுதியாக உள்ள ஒரு மாற்றம் பட்டியலில் இல்லையெனில், அச்சோதனை 'இல்லை' என்றே கூறும்.

இரண்டாவது, இயல்பானதைப் பிழையாகக் கொள்ளுதல். மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ. இலட்சக்கணக்கான இடங்களில் வேறுபடும். அவற்றுள் மிகப்பல தீங்கற்றவை. சோதனையில் ஒரு வேறுபாடு தென்பட்டால், நலமாயுள்ளோர் பலரிடமும் அது உண்டா என்று தரவுத்தொகுப்பில் பார்ப்பர். உண்டெனில், பிறப்பில் வந்த இயல்பு என்று ஒதுக்கிவிடுவர். ஆனால் அத்தொகுப்பில் நம் ஊர் மக்களே இல்லையெனில்? நம் பாட்டன் பூட்டன் வழிவந்த தீங்கற்ற வேறுபாடு, கட்டியின் மாற்றமாக எண்ணப்பட்டுவிடும். ஐரோப்பியர் அல்லாதாரிடம் கட்டியின் மாற்றங்களின் எண்ணிக்கை இவ்வாறு மிகையாகக் கணக்கிடப்படுகிறது என்பதனை 2022-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அவ்வெண்ணிக்கையைக் கொண்டே சில மருந்துகள் பரிந்துரைக்கப்படுகின்றன என்பதால், இது வெறும் ஏட்டுப்பிழை அன்று.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கூறுதல் தகும். முதுமையில் வெள்ளணுக்களை ஆக்கும் செல்களிலும் சில திடீர்மாற்றங்கள் நேர்கின்றன. அவையும் பிளாஸ்மாவில் கலக்கும். 2019-இல் வெளியான ஆய்வில், புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் கண்ட மாற்றங்களுள் பாதிக்கு மேற்பட்டவை வெள்ளணுக்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஆகவே பிளாஸ்மாவோடு வெள்ளணுக்களையும் உடன் சோதித்து ஒப்பிடுவதே சாலச் சிறந்தது. தரவுத்தொகுப்பில் இடம்பெறாத மக்களுக்கு இது மேலும் பயன் தரும். அவரவர் வெள்ளணுவே அவரவர் பிறப்பியல்பைக் காட்டிவிடும்.

மரபு மருந்தின் பயனையும் மாற்றக்கூடும். பிம் என்னும் மரபணுவில் ஒரு பகுதி இல்லாதிருப்பது கிழக்காசியருள் 12.3 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது என்றும், அவர்களுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாத்திரையின் பயன் குறைகிறது என்றும் 2012-இல் வெளியாயிற்று. ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் இக்குறை தென்படவில்லை. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை ஒருநாளும் வெளிப்பட்டிராது.

'இல்லை' என்னும் விடையை எவ்வாறு கொள்வது?

மாத்திரை உண்டு நலம் பெற்றவருக்கும் சில காலம் கழித்து நோய் மீண்டும் தலைதூக்குவதுண்டு. முதல் தலைமுறை மாத்திரைகளை உண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம், டி790எம் என்னும் மற்றொரு மாற்றம் இதற்குக் காரணமாகிறது. அதற்கு எதிரான ஓசிமெர்ட்டினிப் மருந்து 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இம்மாற்றத்தைக் குருதியில் தேடிய ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. திசுவில் இம்மாற்றம் உள்ளதாக அறியப்பட்டோருள் 10-க்கு 7 பேரிடமே குருதிச் சோதனை அதனைக் கண்டது. எஞ்சிய மூவரின் குருதி மௌனம் சாதித்தது.

ஆகவே விதி இதுதான்: குருதியில் 'உண்டு' என்று வந்தால் அதனை நம்பி மருந்து தொடங்கலாம், 'இல்லை' என்று வந்தால், இயன்றவரை திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். போதிய ஆய்வு நிகழாத மக்களுக்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும். ஏனெனில் அவர்களுக்கு 'இல்லை' என்னும் சொல்லில் இரு பொருள்கள் உள்ளன. ஒன்று, குப்பியில் துண்டு இல்லை. மற்றொன்று, பட்டியலில் பெயர் இல்லை.

நம் நாட்டில் செய்யத்தக்கன

முதலில் குருதியைக் கையாளும் முறை. சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த குருதியை, சில மணி நேரத்திற்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். காலம் தாழ்ந்தால் வெள்ளணுக்கள் உடைந்து தம் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும், ஆறு துண்டுகளைத் தேடும் இடத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் வந்து சேரும். ஹெப்பாரின் கலந்த குழாய் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும், ஆதலின் அது கூடாது. செல்கள் உடையாதவாறு பல நாள் காக்கும் தனிவகைக் குழாய்கள் உள்ளன, விலைதான் கூடுதல். மாவட்டத் தலைநகரில் எடுத்த குருதி, சித்திரை வெயிலில் பேருந்திலும் கூரியரிலும் பயணம் செய்து பெருநகர ஆய்வகத்தை அடையும் நம் நாட்டில், குழாயைத் தேர்ந்தெடுப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

அடுத்தது, நம் மக்களுக்கான 'தாவர நூலை' எழுதுதல். 2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின்கீழ், நாட்டின் பல்வேறு மக்கட்குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபுத்தொகுதிகள் படிக்கப்பட்டு, அத்தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இது நல்ல தொடக்கம். ஆனால் இது பிறப்பில் வந்த மரபின் தொகுப்பு. கட்டிகளின் தொகுப்பு அன்று. சோதிக்கப்படும் ஒவ்வொரு நோயாளியின் முடிவும், அவரது ஒப்புதலோடும் பெயர் மறைத்தும் தொகுக்கப்பட்டால், அடுத்து வரும் நோயாளிக்கு அது வழிகாட்டும்.

நம்மால் இஃது இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று கூறுவேன். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2020-இல் வெளியிட்டனர். கெஃபிட்டினிப் மட்டும் உண்டவர்களுக்கு நோய் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 8 திங்கள். அதனோடு கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 திங்கள். இந்திய நோயாளிகள் தந்த விடை இது. உலகமே இதனை எடுத்து ஆராய்ந்தது.

ஒன்றை மறந்துவிடலாகாது. ஆய்வுக்கெனக் குருதி தரும் ஏழை நோயாளிக்கு அதன் பயன் திரும்ப வர வேண்டும். எதற்காக எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள், முடிவை யார் சொல்வார்கள் என்பதெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லப்பட வேண்டும். மாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அதற்கான மாத்திரையை வாங்க இயலாத நிலையில் அவரை விட்டுவிடுவது அறமாகாது. சோதனையும் மருந்தும் சேர்ந்தே ஏழையின் வாயிலை அடைய வேண்டும்.

முடிவுரை

குருதிச் சோதனை ஓர் அரிய கருவி என்பதில் ஐயமில்லை. நுரையீரலில் ஊசி குத்த முடியாத முதியவருக்கும், திசு போதாமற் போனவருக்கும் அது கைகொடுக்கிறது. ஆனால் கருவியை இறக்குமதி செய்வதுபோல் அறிவை இறக்குமதி செய்துவிட முடியாது. குப்பிக்குள் இருக்கும் குருதி நம்முடையது. அதனைப் படிக்கும் அகராதியிலும் நம் சொற்கள் இடம்பெற வேண்டும்.

மாணவர்களே! இப்பணி மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். இதில் உயிரியல் பயின்றவருக்கு ஆய்வகத்தில் இடமுண்டு; கணிதமும் புள்ளியியலும் பயின்றவருக்குத் தரவுகளிடையே இடமுண்டு; தமிழ் பயின்றவருக்கு, நோயாளியின் மொழியில் ஒப்புதல் படிவம் எழுதும் மிக இன்றியமையாத இடம் உண்டு. உங்கள் ஊரில் நாட்பட்ட இருமலோடும் காசநோய் மருந்தோடும் தேறாமல் வருந்தும் ஒருவரைக் கண்டால், 'இன்னொரு முறை மருத்துவரிடம் கேளுங்கள்' என்று சொல்லவும் உங்களால் முடியும். அதற்குப் பட்டம்கூடத் தேவையில்லை.